லாசாவுக்குப் போனா... முதல்ல தூங்குங்க பாஸ்!

'நாலு நாள்ல எத்தனை இடம் கவர் பண்ணலாம் மச்சி?'

டூர் பிளான்னு பேப்பரை விரிச்சதுமே நம்ம பசங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஊட்டி, கொடைக்கானலுக்கு அது சரி. காலையில பைன் ஃபாரஸ்ட், மத்தியானம் தூண் பாறை, சாயங்காலம் போட்டிங்னு அடுக்கிடலாம். ஆனா, திபெத்தோட புனித நகரமான லாசாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தூரத்தை அப்புறம் பாருங்க. முதல்ல உயரம்!

ஏதோ புத்தகத்துல படிச்சுட்டு சீன் போடறேன்னு நினைக்காதீங்க. லே-வுல மெகா சைஸ் பல்பு வாங்கினவன் சொல்றேன்.

போன வருஷ லீவுல நாங்க ஆறு பேர் லடாக் கிளம்பினோம். சென்னையில ராத்திரி ஃப்ளைட், டெல்லியில மாறி, காலையில லே. கடல் மட்டத்துல இருந்து சுமார் 3,500 மீட்டர். ஏர்போர்ட்ல இருந்து கூட்டிட்டுப் போன டிரைவர் அண்ணன் அரைகுறை இங்கிலீஷ்ல சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'இன்னிக்கும் நாளைக்கும் ரூம்லயே இருங்க. தண்ணி குடிங்க. படுங்க.' நாங்க கேட்போமா? 'காசு கொடுத்து தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?'னு அன்னிக்கு சாயங்காலமே சாந்தி ஸ்தூபா படிக்கட்டுல ரேஸ் விட்டோம். மறுநாள் காலையில கார்துங் லா கணவாய். 18,380 அடின்னு போர்டு வெச்சுப் பிரபலமான இடம். (நிஜ உயரம் 5,359 மீட்டர்தான். அதாவது ஏறக்குறைய 17,600 அடி. போர்டை நம்பாதீங்க!)

எங்க செட்டுல ஒருத்தன் உண்டு. தினமும் விடியக்காலை அஞ்சு மணிக்கு ஜிம். மெஸ்ல அவனுக்கு மட்டும் தனியா முட்டை வேகும். அவனோட நிஜப் பேரு எங்களுக்கே மறந்துபோச்சு. ஜிம்பாய்தான். கார்துங் லா உச்சியில சட்டையைக் கழட்டி போட்டோ எடுத்துக்கிட்ட ஒரே வீரன். அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்ததும் வாந்தி. தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தான். பாத்ரூம் போக எழுந்தவன், நேரா நடக்க முடியாம சுவத்துல போய் முட்டினான். நாங்க சிரிச்சோம். 'என்னடா, எங்களுக்குத் தெரியாம அடிச்சியா?'ன்னு கலாய்ச்சோம். அதை நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

சத்தம் கேட்டு வந்த ஹோட்டல்காரர்தான் அவனை ஒரு பார்வை பார்த்துட்டு, வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரியில விரல்ல கிளிப் மாட்டினாங்க. ஆக்ஸிஜன் அளவு 68. நம்ம ஊர்ல நமக்கெல்லாம் 97, 98 இருக்கும். டாக்டர் எங்களைத்தான் திட்டினார். 'உயரத்துல ஒருத்தன் குடிகாரன் மாதிரி தள்ளாடினா, மூளையில நீர் கோக்குதுன்னு அர்த்தம். தூங்கினா சரியாகிடும்னு விட்டிருந்தீங்கன்னா காலையில எழுந்திருக்கவே மாட்டான்.' ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன். மறுநாள் முதல் ஃப்ளைட்ல அவனை டெல்லிக்கு இறக்கினோம். துணைக்கு வந்தது நான். பாங்காங் ஏரியை மத்த நாலு பேர் அனுப்பின போட்டோவுலதான் பார்த்தேன்.

இப்ப அதே செட், அதே ஹாஸ்டல் கட்டில், மேலே விரிச்ச மேப். ஃபைனல் இயர் முடிச்சதும் லாசா! ஆரம்பிச்சு வெச்சது சாட்சாத் ஜிம்பாய். 'விட்ட இடத்துல பிடிக்கணும்டா'ங்கறான். இன்னும் நாங்க போகலை. படிச்சது, போய் வந்தவங்ககிட்ட நச்சரிச்சுக் கேட்டது, லே-வுல பட்டது... எல்லாத்தையும் போட்டு ரெடி பண்ணின பிளான் இது. உங்களுக்கும் ஒரு காப்பி.

மெக்கானிக்கல்காரன் கணக்கு

லாசா சுமார் 3,650 மீட்டர் உயரத்துல இருக்கு. காற்றுல ஆக்ஸிஜனோட சதவிகிதம் அங்கேயும் நம்ம ஊர் மாதிரி 21-தான். ஆனா, காற்றழுத்தம் கடற்கரையில இருக்கறதுல 64 சதவிகிதம்தான் இருக்கும். அதாவது, நீங்க மூணு தடவை மூச்சு இழுத்தா சென்னையில ரெண்டு தடவை இழுத்த மாதிரி. தண்ணி 88 டிகிரியிலயே கொதிச்சுடும். அதனால குக்கர் இல்லாம சோறு வேகறது கஷ்டம். பக்கத்து ஏரிகளுக்குப் போற வழியில 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள்ல இந்த 64, பாதிக்கு வந்துடும்.

உடம்பு இதைச் சமாளிக்கும். வேகமா மூச்சு விடும், கிட்னி ரத்தத்தோட அமிலக் கணக்கைச் சரி பண்ணும், கொஞ்சம் கொஞ்சமா சிவப்பணுக்கள் கூடும். இதுக்கெல்லாம் நாள் கணக்குல, சிலதுக்கு வாரக் கணக்குல டைம் வேணும். பைசெப்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனா, ஃபிட்டா இருக்கறவன்தான் வேகமா ஏறி சீக்கிரம் மாட்டிக்கறான்.

மலையேறுறவங்க ஒரு விதி வெச்சிருக்காங்க. 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, ராத்திரி தூங்கற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதே. பகல்ல எவ்வளவு ஏறினாலும், இறங்கி வந்து தூங்கு. இதை நல்லா கவனிங்க. லாசாவுல ரூம் போட்டு, தினமும் ஒரு இடம் போயிட்டு ராத்திரி லாசாவுக்கே திரும்பறதுதான் இந்த விதிக்குக் கச்சிதமாப் பொருந்துற டூர். ஊர் ஊரா மாறித் தங்கறதைவிட, ஒரு நாள் பயணங்கள் அங்கே ஒண்ணுக்கு ரெண்டு மடங்கு புத்திசாலித்தனம்.

என்ன பிரச்னைன்னா, ஃப்ளைட்ல போய் இறங்கினாலே முதல் நாளே விதியை உடைச்சாச்சு. அதுக்கு அபராதமா ரெண்டு நாள் கட்டணும். 'அப்ப டிரெயின்ல போனா?'ன்னு கேட்பீங்க. 2006 ஜூலை 1-ம் தேதி திறந்த சிங்ஹாய் - திபெத் ரயில் பாதை செம டெம்ப்டிங்தான். ஷினிங் நகரத்துல ஏறினா இருபது மணி நேரத்துக்கு மேல பயணம். 5,072 மீட்டர் உயரத்துல டாங்குலா கணவாயைத் தாண்டும். பெட்டிக்குள்ளயே ஆக்ஸிஜன் விடுவாங்க. உறைஞ்ச மண்ணு உருகி தண்டவாளம் இறங்கிடக் கூடாதுன்னு பாதை ஓரத்துல வரிசையா குழாய் நட்டிருக்காங்க. உள்ளே இருக்கற அம்மோனியா கீழே சூட்டை வாங்கி ஆவியாகும், மேலே குளிர்ந்து மறுபடி இறங்கும். மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கற எனக்கே இதைப் படிச்சப்ப புல்லரிச்சது! ஆனா, ஒரே நாள்ல அவ்வளவு உயரம் ஏறிடறதால, டிரெயின்ல போனா உடம்பு பழகிடும்னு நம்பிடாதீங்க. சுமார் 2,200 மீட்டர்ல இருக்கற ஷினிங்ல ரெண்டு நாள் தங்கிட்டு ஏறினா பலன் உண்டு.

'பைக்கை எடுத்தோமா, போனோமா' நடக்காது

இது கொஞ்சம் மொக்கையான ஏரியா. ஆனா, இங்கே கோட்டை விட்டா மொத்தமும் காலி. சீன விசா மட்டும் இருந்தா திபெத்துக்குள்ள போக முடியாது. வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனியா திபெத் பயண அனுமதி வேணும். அதை நீங்க நேர்ல வாங்க முடியாது, அங்கே பதிவு பண்ணின டிராவல் ஏஜென்சிதான் வாங்கித் தரும். கைடு கட்டாயம். லாசாவைத் தாண்டினா வண்டியும் டிரைவரும்கூட ஏஜென்சி மூலமாத்தான். சாம்யே மாதிரி லாசா எல்லைக்கு வெளியே இருக்கற இடங்களுக்கு இன்னொரு பர்மிட். காட்மாண்டு வழியா நுழையறதுன்னா குழு விசான்னு தனிக் கதை.

இந்தியா - சீனா நேரடி விமானம் 2020-ல நின்னு, 2025 அக்டோபர்லதான் திரும்ப ஆரம்பிச்சது. விதிகள் மாறிக்கிட்டே இருக்கும். அதனால, டிக்கெட்டை அப்புறம் போடுங்க, ஏஜென்சிகிட்ட முதல்ல பேசுங்க. பிப்ரவரி கடைசி, மார்ச் மாசத்தை அடிச்சுடுங்க. 1959, 2008 சம்பவங்களோட நினைவு நாள்கள் வர்ற சமயம்கறதால, பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்களை உள்ளே விடறதில்லை.

இதுல நமக்கு ஒரு முக்கியமான பாயின்ட் ஒளிஞ்சிருக்கு. 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்டா'ங்கற நம்ம தேசிய கீதம் அங்கே எடுபடாது. என்னிக்கு எந்த இடம்கறதை முன்கூட்டியே ஏஜென்சிகிட்ட எழுதிக் கொடுக்கணும். அந்த வரிசையை ஏஜென்சியோட ரெடிமேட் லிஸ்ட்ல இருந்து அப்படியே எடுக்காம, உயரத்தைப் பார்த்து நீங்களே போட்டுக் கொடுங்க. வண்டி, கைடு செலவை ஆறு பேரா பிரிச்சா கொஞ்சம் தாங்கும். ஒத்தையா போனா பர்ஸ் கிழியும்.

எங்க அத்தைகிட்ட விஷயத்தைச் சொன்னப்ப, 'அப்படியே கைலாசத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடு கண்ணு'ன்னாங்க. ஒரு எட்டா? லாசாவுல இருந்து கைலாசம் 1,200 கிலோமீட்டருக்கு மேல அத்தே! எவரெஸ்ட் அடிவாரமும் ஒரு நாள்ல போயிட்டு வர்ற இடம் இல்லை. அதெல்லாம் வேற டூர்.

முதல் நாள்: பெருசா ஒண்ணும் இல்லை!

எங்க பிளான்ல முதல் நாளுக்கு நேரா 'தூக்கம்'னு எழுதியிருக்கோம். நிஜமா! ஏர்போர்ட்ல இருந்து லாசாவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கார்ல. வந்து சேர்ந்ததும் ரூம், தண்ணி, சூப். பெட்டியைக்கூட மாடிக்கு நீங்க தூக்காதீங்க. சாயங்காலம் தலைவலி இல்லைன்னா மட்டும் மெதுவா ஒரு டீக்கடை வரைக்கும். அங்கே ரெண்டு விதமான டீ. ஒண்ணு, நம்ம ஊர் டீக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கற இனிப்புப் பால் டீ. இன்னொண்ணு வெண்ணெயும் உப்பும் போட்ட டீ. அதை டீன்னு நினைச்சுக் குடிச்சா முகம் அஷ்டகோணலாகும். சூப்னு நினைச்சுக் குடிங்கன்னாங்க போய் வந்தவங்க. வறுத்த பார்லி மாவுதான் சாம்பா. டீ விட்டுப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சுச் சாப்பிடுவாங்க. சத்துமாவுல வளர்ந்த நமக்கு அது புதுசே இல்லை. சரக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது நாள் பழைய லாசா. நடுவுல ஜோகாங் கோயில். ஏழாம் நூற்றாண்டுல மன்னர் சோங்ட்சென் காம்போ காலத்துல உருவானது. ஒரு ஏரியை ஆடுகள் சுமந்துட்டு வந்த மண்ணால நிரப்பி, அதுமேல கட்டினாங்கன்னு கதை உண்டு. திபெத்துக்காரங்களுக்கு இதைவிடப் புனிதமான கோயில் இல்லை. உள்ளே இருக்கற ஜோவோ புத்தர் சிலையைப் பார்க்க மாசக் கணக்குல விழுந்து கும்பிட்டுக்கிட்டே வர்றவங்க இருக்காங்க. வாசல்ல இருக்கற கல் தரை, தலைமுறை தலைமுறையா விழுந்து எழுந்து பளபளன்னு தேய்ஞ்சு கிடக்கு.

கோயிலைச் சுத்தி ஓடற வீதிதான் பார்கோர். நம்ம கிரிவலம் மாதிரியே அங்கேயும் வலம் வர்றது உண்டு, எப்பவும் கடிகாரச் சுத்துதான். ஒரு சுத்து ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் வரும். ஜூனிப்பர் தழை எரியற புகை, கையில சுத்தற மந்திரச் சக்கரம், பாட்டிங்களோட முணுமுணுப்பு... அங்கே ஒரு ஓரமா உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் வேடிக்கை பார்க்கறதே ஒரு டூர். உடம்புக்கும் வேலை இல்லை. நுழையற இடத்துல செக்கிங் உண்டு, பாஸ்போர்ட் கையில இருக்கணும்.

மூணாவது நாள்தான் பொட்டாலா அரண்மனை. எல்லாரும் இதை முதல்ல வைப்பாங்க. லாசான்னாலே அந்தப் படம்தானே ஞாபகம் வருது! ஆனா, அது ஒரு குன்று மேல இருக்கு. 13 அடுக்கு, படிக்கட்டோ படிக்கட்டு. அந்தப் படியில மூச்சு வாங்காம ஏறறீங்களாங்கறதே உங்க உடம்புக்கு இன்டர்னல் எக்ஸாம். இப்ப நிக்கற கட்டடத்தை ஐந்தாவது தலாய் லாமா 1645-ல ஆரம்பிச்சார். 1994-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. டிக்கெட்டை பாஸ்போர்ட் காட்டி முன்னாடியே எடுக்கணும். அதுல போட்டிருக்கற டைமுக்குப் போகணும். அரண்மனைக்குள்ள ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் விடுவாங்க, போட்டோ எடுக்க முடியாது. படம் வேணும்னா எதிர்ல இருக்கற சாக்போரி குன்றோட மேடைக்குப் போங்க. சீனாவோட 50 யுவான் நோட்டுக்குப் பின்னாடி இருக்கற பொட்டாலா படம், நேர்ல தெரியற மாதிரியே இருக்கும். நோட்டைக் கையில பிடிச்சு போட்டோ எடுக்க அங்கே ஒரு கூட்டமே நிக்குமாம்.

மத்தியானம் நோர்புலிங்கா. தலாய் லாமாக்களோட கோடை அரண்மனை, மரம் நிறைஞ்ச தோட்டம். 1959 மார்ச் 17-ம் தேதி ராத்திரி 14-வது தலாய் லாமா சிப்பாய் வேஷத்துல வெளியேறினது இங்கே இருந்துதான். அப்போ அவருக்கு வயசு 23. நம்ம சீனியர் வயசு!

வைவான்னா இதுதான் வைவா

நாலாவது நாள் காலையில டிரெபுங், மத்தியானம் செரா. ரெண்டும் லாசாவை ஒட்டின மடங்கள். டிரெபுங் 1416-ல உருவானது. ஒரு காலத்துல உலகத்திலேயே பெரிய மடம்னு பேர் வாங்கினது. மலைச்சரிவுல ஏத்தமும் இறக்கமுமா இருக்கறதால மெதுவா நடங்க.

செரா 1419-ல வந்தது. அங்கே மூணு மணிக்கு மேல நீங்க இருந்தாகணும். முற்றத்துல மர நிழல்ல துறவிகள் ஜோடி ஜோடியா விவாதம் பண்ணுவாங்க. பதில் சொல்றவர் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்கறவர் நின்னுக்கிட்டு, ஒரு காலைத் தூக்கித் தொப்புன்னு தரையில வெச்சு, அவர் முகத்துக்கு நேரா கையை 'டப்'புன்னு தட்டிக் கேட்பார். தப்பா பதில் சொன்னா சுத்தி நிக்கறவங்க ஓட்டித் தள்ளுவாங்க. எக்ஸ்டர்னல் வந்து 'வாட் இஸ் என்ட்ரோபி?'ன்னு கேட்டதும் பேந்தப் பேந்த முழிக்கற நமக்கு, கண்ணுல தண்ணி வந்துடும். அவங்க பேசறது ஒரு வார்த்தை புரியாட்டியும், யாரு ஜெயிக்கறாங்கன்னு தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாள்கள்லயும் பொதுவா இருக்காது. அதனால உங்க நாலாவது நாள் என்ன கிழமைன்னு இப்பவே பார்த்துக்கோங்க.

அஞ்சாவது நாள்தான் முதல் தடவையா நிஜமான ஏத்தம். லாசாவுக்குக் கிழக்கே நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கற காண்டென் மடம். சுமார் 4,300 மீட்டர். செரா, டிரெபுங் ரெண்டையும் கட்டினவங்களோட குருவான சோங்காபா, 1409-ல தானே நிறுவினது. தலாய் லாமாக்கள் சேர்ந்த கெலுக் பிரிவுக்கு இதுதான் முதல் மடம். கலாசாரப் புரட்சி காலத்துல இதை இடிச்சு வெறும் சுவரா ஆக்கிட்டாங்க. இப்ப மலை வளைவுல வெள்ளையும் சிவப்புமா தெரியறது எல்லாம் 1980-களுக்கு அப்புறம் திரும்ப எழுப்பினது. மடத்தைச் சுத்தி மலை மேலேயே ஒரு வலப்பாதை இருக்கு. கீழே கீ சூ ஆத்துப் பள்ளத்தாக்கு தெரியும். உடம்பு ஓகேன்னா சுத்துங்க. தலை கனமா இருந்தா வாசல்லயே உட்கார்ந்து டீ குடிங்க. தப்பே இல்லை.

இங்கே நம்ம பக்கத்துல ஒரு ட்விஸ்ட் இருக்கு. 1959-க்கு அப்புறம் அகதிகளா இந்தியாவுக்கு வந்த துறவிகள் இந்த மூணு மடத்தையும் எங்கே மறுபடி உருவாக்கினாங்க தெரியுமா? கர்நாடகாவுல! செரா, பைலகுப்பேயில. டிரெபுங்கும் காண்டெனும் ஹூப்ளி பக்கம் முண்ட்கோடுல. அதே பேரு, அதே பாடம், அதே கைதட்டல். மைசூர்ல மடிகேரி பஸ் ஏறினா, குஷால்நகருக்குக் கொஞ்சம் முன்னாடியே பைலகுப்பே. பாஸ்போர்ட் வேண்டாம், ஆக்ஸிஜனும் வேண்டாம். லாசா பிளான் தள்ளிப்போகுதுன்னா ஒரு வீக் எண்ட் அங்கே போயிட்டு வாங்க. நாங்க போனப்ப ஒரு சின்னத் துறவி, 'உங்க செரா பெருசா, லாசா செரா பெருசா?'ன்னு நாங்க கேட்டதுக்கு, 'நான் அதைப் பார்த்ததில்லை. நீங்க போனா பார்த்துட்டு வந்து சொல்லுங்க'ன்னு சிரிச்சான். எங்களுக்குச் சிரிப்பு வரலை. டூரிஸ்ட்டா நாம வாங்கற பர்மிட் அவனுக்கு அவ்வளவு லேசு இல்லை.

ஏரியா? இறக்கமா?

ஆறாவது நாளுக்குத்தான் எங்க செட்டுல சண்டை. ஒரு கோஷ்டி நாம்ட்சோ ஏரிங்குது. 4,718 மீட்டர்ல கடல் மாதிரி ஏரி, அந்தப் பக்கம் பனி மலை. போட்டோவைப் பார்த்தா நானே கவுந்துடுவேன். ஆனா, போக மட்டும் ஏறக்குறைய 240 கிலோமீட்டர், வழியில 5,190 மீட்டர்ல ஒரு கணவாய். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில இருக்கறதுல 52 சதவிகிதம்தான். நான் சிவப்பு பேனாவால அடிச்சுட்டேன். போயே தீருவேன்னா கடைசி நாள் வைங்க, ராத்திரி அங்கே தங்காம திரும்பிடுங்க.

யம்ட்ரோக் ஏரி, எங்க சமரச வேட்பாளர். 4,441 மீட்டர். லாசாவுல இருந்து சுமார் 100 கிலோமீட்டர். கம்பா லா கணவாயில இருந்து பார்த்தா, மலைகளுக்கு நடுவுல நெளிஞ்சு நெளிஞ்சு போற நீலம். கணவாய் கிட்டத்தட்ட 4,800 மீட்டர்கறதால அங்கே அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம். ரோட்டோரத்துல யாக், மாஸ்டிஃப் நாய்களை வெச்சுக்கிட்டு போட்டோவுக்குக் காசு கேட்பாங்க. எவ்வளவுன்னு முதல்லயே பேசிடுங்க. புனித ஏரி, கால் நனைக்கற ஆசையை அடக்கிக்கோங்க.

எனக்குப் பிடிச்ச சாய்ஸ் சாம்யே. லாசாவைவிடக் கொஞ்சம் தாழ்வா, யார்லுங் சாங்போ நதிக்கரையில இருக்கு. அந்த நதிதான் கீழே இறங்கி நம்ம பிரம்மபுத்திராவாகுது. எட்டாம் நூற்றாண்டுல கட்டின திபெத்தோட முதல் மடம். பீகார்ல இருந்த ஒதந்தபுரி மடத்தைப் பார்த்துக் கட்டினாங்கன்னு திபெத்திய மரபு சொல்லுது. ஒதந்தபுரி இப்ப இல்லை, சாம்யே நிக்குது. யாருக்காவது காண்டென்ல தலை வலிச்சிருந்தா, ஆறாவது நாள் கண்ணை மூடிக்கிட்டு சாம்யே. ஏரி எங்கேயும் போயிடாது.

வாட்ச், பேக், வாய்

சீனா முழுக்க ஒரே டைம், பெய்ஜிங் டைம். நம்ம டைமைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. ஆனா, லாசாவுல சூரியன் உச்சிக்கு வர்றப்ப அந்த வாட்ச்ல மணி ரெண்டு இருக்கும்! டிசம்பர்ல காலை எட்டரைக்கும் சூரியன் வந்திருக்காது. 'ஆறு மணிக்கே கிளம்பிடலாம்'னு பிளான் போட்டா நடுராத்திரியில நடுங்குவீங்க. மே, ஜூன் லீவு நமக்கு ஏத்த சீசன். டிசம்பர் குளிர்னாலும் வெயில் பளிச்னு இருக்கும். விவசாய வேலை இல்லாத காலம்கறதால கிராமத்து யாத்ரிகர்கள் பார்கோர்ல நிறைஞ்சிருப்பாங்க.

பேக்ல சன் ஸ்கிரீன், லிப் பாம், கூலிங் கிளாஸ், பல அடுக்கா போட்டுக்கற டிரெஸ், விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர். உயரத்துக்கான மாத்திரை வேணுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க, மெடிக்கல் ஷாப் அண்ணன்கிட்ட இல்லை. ஆஸ்துமா, இதயப் பிரச்னை, அனீமியா இருக்கறவங்க கட்டாயம் கேட்கணும். லேசான தலைவலி பலருக்கு வரும். ரெஸ்ட் எடுங்க, அது போற வரைக்கும் மேலே ஏறாதீங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, விடாம இருமுது, நேர்கோட்டுல நடக்க முடியலை... இதுல எது வந்தாலும் ஆஸ்பத்திரி, ஆக்ஸிஜன், இறக்கம். லாசாவுல இருந்து இறங்கறதும் லேசு இல்லை. 2021-ல திறந்த ரயில்ல ஏறினா நிங்ச்சி, சுமார் 3,000 மீட்டர். இல்லைன்னா ஃப்ளைட்ல செங்டு. ரெண்டோட டைமிங்கையும் எங்க பேப்பர்ல ஓரமா எழுதி வெச்சிருக்கோம்.

வாயைப் பத்தியும் சொல்லணும். தலாய் லாமா படத்துக்கு அங்கே தடை. உங்க மொபைல்லயோ, புத்தகத்துலயோ கொண்டுபோகாதீங்க. கைடுகிட்டயோ, டீக்கடைப் பாட்டிகிட்டயோ அரசியல் கேட்காதீங்க. 'நான் பயப்பட மாட்டேன் பாஸ்'னு நீங்க சொல்லலாம். நீங்க ஒரு வாரத்துல ஊருக்கு வந்துடுவீங்க. பதில் சொன்னவர் அங்கேயேதான் இருக்கணும். போலீஸ், மிலிட்டரி, செக் போஸ்ட்டைப் படம் எடுக்காதீங்க. துறவிகளையும் யாத்ரிகர்களையும் கேட்டுட்டு எடுங்க.

நேத்து ராத்திரி பிளான் பேப்பரை ஹாஸ்டல் கதவுல ஒட்டினோம். ரெண்டாவது நாள் சாயங்காலம் காலியா இருக்கே, குன்று ஏதாவது ஏறலாமான்னு ஒருத்தன் பேனாவை எடுத்தான். ஜிம்பாய் பேனாவைப் பிடுங்கி, அந்த இடத்துல கொட்டை எழுத்துல எழுதினான்: 'ரூம். தண்ணி. படு.'